எலிப்பொறி செவுரும் எங்கூட்டு கரண்ட் பில்லும்

பொள்ளாச்சி பக்கம் வீடு கட்டறப்ப எலிப்பொறி கட்டுல செவுரு வெக்கலாம்னேன், கொத்தனாரு என்னைய ஏற எறங்கப் பாத்தாருங்க. அதொண்ணுமில்லீங்க, செங்கல்லப் படுக்க வெக்காம குத்துக்கா நிறுத்தி நடுவால சந்து உட்டுக் கட்டறது, லாரி பேக்கர்ங்கற கட்டடக்கலைஞர் கேரளாவுல பரப்புன முறை, செங்கல்லு ஒரு 25 சதவீதம் கம்மியாவும், சூளைல எரிக்கற வெறகும் அந்தளவுக்கு மிச்சம், சந்துல நிக்கற காத்து வெக்கைய லேசுல உள்ள உடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்காக மேக்கால பெரிய ஜன்னல் வெச்சு சன்ஷேட நீளமா இழுத்துட்டோம். ஏசி வாங்கலீங்க, சித்திரையிலயும் பேனே போதுது. அப்புச்சி மட்டும் "செவுத்துக்குள்ள எலி பூந்துக்குமாடா"ன்னு இன்னும் கேக்கறாரு. வெளிப்பூச்சு பூசாத காசுல மழைத்தண்ணித் தொட்டி கட்டியாச்சு, மழைத்தண்ணி சேமிக்கோணும்னு 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டதுதான், எங்க வீதில பாதிப்பேரு கணக்குக்கு ஒரு குழாயத் தொங்க உட்டிருக்காங்க.