5 மீட்டர் அறையில் நடக்க வைப்பதற்குள்…

ஒருவழியாக நடக்கிறது! 5-க்கு 5 மீட்டர் அறைக்குள், டெலிபோர்ட் (பொத்தானை அழுத்தி இடம் தாவுவது) இல்லாமல், ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல், ஹெட்செட்டில் தெரியும் நீண்ட விஆர் (மெய்நிகர்) தாழ்வாரத்தைக் காலாலேயே நடந்து முடிக்கலாம். காட்சியை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளும், அதை ஹெட்செட்டோடு இணைக்கும் ஓபன்எக்ஸ்ஆரும் தொல்லை தரவில்லை. பாடாய்ப் படுத்தியவை அறையும், நடப்பவரை அதற்குள்ளேயே திருப்பிவிடுவதும்தான்.

அறையில் மூன்று பக்கம் வெறும் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. சுற்றுப்புறத்தைப் பார்த்து இடத்தைக் கணிக்கும் ஹெட்செட் கேமராக்களுக்குப் பிடிமானமே இல்லாமல் காட்சி வழுக்கிக்கொண்டே போனது. போஸ்டர் ஒட்டலாமென்றால், சுவரில் டேப் படவே கூடாதென்று அறைப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். அன்றைய வேலை அத்தனையும் வீண். பிறகு கண்ணாடிக்குத் திரை போட்டு, செய்தித்தாள் ஒட்டிய அட்டைகளைச் சுவரோரம் நிறுத்தியதும் டிராக்கிங் (இடக் கணிப்பு) நிலைத்தது. நடுவில் அட்டைகளை யாரும் நகர்த்தக் கூடாது, கவனம்.

அடுத்து, காட்சியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, நேராக நடப்பதாக நினைப்பவரை மெல்ல வளைத்து நடக்கவைப்பது. விஆர் ஆய்வாளர் ஸ்டைனிக்கேயின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளைவின் ஆரம் குறைந்தது 22 மீட்டர் இருந்தால்தான் நடப்பவருக்குத் தெரியாது. அதுவும் சராசரிதான், சிலர் முன்னதாகவே உணர்ந்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் மீட்டருக்கு 2.6 டிகிரி. 5 மீட்டர் நடந்து முடிக்கையில் விலகல் வெறும் 57 செ.மீ.! முழு வட்டமடிக்க 44 மீட்டர் மண்டபம் வேண்டும். சின்ன அறையில் வளைவை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சுவரருகே நிறுத்தித் திருப்புவதில்தான் உழைக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது 2:1 திருப்பம். நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுத் திரும்பச் சொல்ல வேண்டும். காட்சி இரு மடங்கு சுழல்வதால், கண்ணுக்கு 360 டிகிரி முடியும்போது உடல் 180தான் திரும்பியிருக்கும். தாழ்வாரம் விட்ட இடத்திலேயே தொடரும். சுவரோ முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். ஆனால் எக்ஸ்ஆர் ஆரிஜினை (நிஜ அறையைக் காட்சியோடு பொருத்தும் யூனிட்டியின் அடிப்புள்ளி) அதன் மையத்தில் வைத்துச் சுழற்றினால், காட்சிக்குள் ஆள் வேறெங்கோ போய் நிற்பார். தலை இருக்கும் புள்ளியையே அச்சாக வைத்துச் சுழற்றுங்கள். சுவருக்கு 80 செ.மீ. இருக்கும்போதே நிறுத்தச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் முதலில் இடிப்பது தலையல்ல, நீட்டிய கை.

வேகம் நொடிக்கு 0.2 மீட்டருக்குக் கீழே இறங்கினால் வளைப்பதை உடனே நிறுத்துங்கள். நின்று பார்ப்பவரைச் சுற்றிக் காட்சி தானாக நகர்ந்தால் குமட்டும். நடந்த தூரத்தைக் காட்சிக்குள் 26 சதவீதம் வரை நீட்டிக் காட்டலாம், ஆனால் நடக்கும் திசையில் மட்டும். பக்கவாட்டில் தலை ஆடுவதையும் சேர்த்து நீட்டினால் கப்பலில் நிற்பதுபோல் ஆடும்.