தாத்தாவின் ஆல்பமும் தாம்பரத்து மரங்களும்

தாத்தாவின் ஆல்பத்தை ஸ்கேன் செய்யத் தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. 23 படங்களில் 14 ஸ்கேன் ஆகியிருக்கின்றன. ஒன்று என் அவசரத்தில் பாழாய்ப் போனது.

தாத்தா 1935 முதல் 1939 வரை சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். இன்டர்மீடியட்டில் (அப்போது பி.ஏ.வுக்கு முன் படித்த இரண்டு வருடப் படிப்பு) பெரும்பகுதி உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த பழைய கட்டடத்தில், பி.ஏ. தாம்பரத்தில். 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து, 1877இல் இந்தப் பெயரைப் பெற்று, முதல்வர் வில்லியம் மில்லர் காலத்தில் பெரிதாக வளர்ந்த கல்லூரி, நகரத்தில் இடம் போதாமல் 1937 ஜனவரியில் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடமாற்றத்தின் இரண்டு பக்கமும் ஆல்பத்தில் இருக்கின்றன.

பாழான படத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தாளில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கெட்டில் ஆவியில் காட்டினால் கழன்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். பசைக்கு முன்னால் படத்தின் மேற்பரப்பு இளகி, வானம் முழுக்க உரிந்து விரலோடு வந்துவிட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இப்போது பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்கிறேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 1200 வைத்தபோது காகித நார்தான் பெரிதாகத் தெரிந்தது. கருமையான பகுதிகளில் படத்திலுள்ள வெள்ளி மேலே பூத்து நீலமாக மினுங்கும் படங்களை மட்டும் இரு பக்கமும் விளக்கைச் சாய்த்து வைத்துக் கேமராவில் எடுக்கிறேன்.

எந்தப் படத்திலும் தேதி இல்லை. பின்புறம் தெரிகிற ஒன்றிரண்டில் ‘நண்பர்களுடன்’ என்று பென்சில் எழுத்து, அவ்வளவுதான். எல்லாரும் வேட்டி, கோட்டு. உடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கைகொடுத்தவை மரங்கள். தாம்பரம் கல்லூரி வளாகத்தின் சேலையூர் விடுதி முன்னால் எடுத்த மூன்று படங்களில் ஒரே கன்று நிற்கிறது: முதலில் முள்வேலிக்குள் முழங்கால் உயரம், அடுத்ததில் இடுப்பு, மூன்றாவதில் தோளைத் தாண்டிவிட்டது. வரிசை தானாகக் கிடைத்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்தப் புதர்க்காட்டில் மரம் மரமாக நட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் கன்றும் அவர் நட்டதாக இருக்கலாம். அது என் ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு அந்த விடுதிப் படத்தின் பிரதியோடு தாம்பரம் போனேன், அதே கோணத்தில் ஒரு படம் எடுக்கலாமென்று. நான்கு இடங்களில் நின்று பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு ஜன்னலின் மேல்விளிம்புதான் தெரிந்தது.