விண்டோஸ் ஓபன் ஆகலையா? பார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ் எடுங்க

லேப்டாப் ஆன் பண்ணா லோகோ வந்து சுத்திட்டே இருக்குன்னு கடைக்கு கொண்டு போனா பல இடத்துல முதல் பேச்சே பார்மட் பண்ணிடலாம்ங்கறதுதான். அப்போ உள்ள இருக்குற கல்யாண போட்டோ, குழந்தை வீடியோ எல்லாம் என்ன ஆகுறது? கெட்டுப்போனது விண்டோஸ் மட்டும்னா பைல் எல்லாம் டிஸ்க்ல அப்படியேதான் இருக்கும், அதை எடுக்க விண்டோஸே வேண்டாம், பென்டிரைவ்ல இருந்தே சிஸ்டத்தை பூட் (அதாவது ஸ்டார்ட்) பண்ணிக்கலாம். (டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் இதுல இறங்காதீங்க, அது ரிக்கவரி ஆளுங்க வேலை.)

8 ஜிபி பென்டிரைவ் போதும். வேற ஒரு கம்ப்யூட்டர்ல வென்டாய் (Ventoy, பென்டிரைவை பூட் ஆகுற மாதிரி மாத்துற சாப்ட்வேர்) இறக்கி பென்டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணுங்க, அதுல ஏற்கனவே இருக்குறது எல்லாம் அழிஞ்சிடும், அப்புறம் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு பதிலா பென்டிரைவ்ல இருந்தே ஓடுற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) ஐஎஸ்ஓ பைலை இறக்கி சினிமா காப்பி பண்ற மாதிரி அப்படியே காப்பி பண்ணா முடிஞ்சுது.

பலரும் மாட்டிக்கிறது பூட் மெனுலதான், அதாவது எதுல இருந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்குற லிஸ்ட், அதுல பென்டிரைவை தேர்ந்தெடுக்கணும். ஆன் பண்ண உடனே டெல்னா எஃப்12, எச்பின்னா எஃப்9, ஏசுஸ்னா எஸ்கேப் தட்டிட்டே இருக்கணும். ஏசர்ல எஃப்12 வேலை செய்யலைன்னா எஃப்2 அமுக்கி பயாஸ் (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணணும். லெனோவோ ஐடியாபேட் சிலதுல சைடுல குட்டியா ஒரு ஓட்டை இருக்கும், சிம் பின் விட்டு அமுக்குனா மெனு வந்துடும், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

செக்யூர் பூட் (தெரியாத சாப்ட்வேர்ல ஸ்டார்ட் ஆகாம பாத்துக்கிற பாதுகாப்பு) தடுத்தா பயாஸ்ல ஆஃப் பண்ணலாம், ஆனா பிட்லாக்கர் (டிஸ்கை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்னா அந்த 48 இலக்க ரிக்கவரி கீயை முதல்ல உங்க மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்ல தேடி எழுதி வெச்சுக்கோங்க, அது இல்லாம டிஸ்க் திறக்காது.

மின்ட் வந்ததும் டெஸ்க்டாப்ல இன்ஸ்டால்னு ஒரு ஐகான் இருக்கும், அது பக்கமே போகாதீங்க, அவசரத்துல நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுத்தா காப்பாத்த வந்த டிஸ்கே காலி ஆயிடும். கம்ப்யூட்டர் ஐகானை திறந்து, பெரிய சைஸ் டிஸ்க் உள்ள யூசர்ஸ் போல்டர், அதுக்குள்ள உங்க பேரு. சில நேரம் ரீட் ஒன்லியாதான் (பாக்கலாம், மாத்த முடியாது) திறக்கும், பரவால்ல, காப்பி எடுக்க அது போதும். பிக்சர்ஸ் மட்டும் எடுத்துட்டு நிறுத்தாதீங்க, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ரெண்டுலயும்தான் பாதி விஷயம் கிடக்கும். எல்லாத்தையும் வேற ஹார்ட்டிஸ்க்ல போட்டு, அங்க இருந்தே நாலஞ்சு போட்டோ, ஒரு வீடியோ ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா பார்மட்டுக்கு குடுங்க.