மாடிப்படிக்குக் கீழிருந்து ஆறு நொடிக்கு ஒருமுறை

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. மின்சார மீட்டர், ஃபியூஸ் பெட்டி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, யாரும் போடாத பூட்ஸ் எல்லாம் அதற்குள்தான். லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான். நாங்கள் குடிவந்தபோதே மீட்டரிலிருந்து வரும் தடித்த கேபிளைக் கவ்விக்கொண்டு ஒரு கிளாம்ப் இருந்தது, அதிலிருந்து ஒரு வயர், வயரின் மறுமுனையில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். எஃபெர்ஜி ஈ2 என்ற மாடல். அதன் ஜோடியான டிஸ்ப்ளே சமையலறை ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டு, இந்த நிமிஷம் வீடு எத்தனை கிலோவாட் எடுக்கிறது என்று காட்டும். போன நவம்பரில் மகன் அதன்மேல் ஒரு டம்ளர் பாலைக் கவிழ்த்துவிட்டான், டிஸ்ப்ளே அதோடு போய்விட்டது.

டிரான்ஸ்மிட்டருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு ஆறு நொடிக்கு ஒருமுறை கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. நம் வீட்டு மின்சாரத்தின் எண், நம் வீட்டுக் காற்றிலேயே சுற்றுகிறது, அதை நாமே படித்துவிட முடியாதா? மேஜை டிராயரில் ஒரு ஈஎஸ்பி8266 போர்டு, வைஃபையோடு வரும் குட்டிக் கணினி, சும்மாதான் கிடந்தது. சரி, இறங்கிப் பார்ப்போம் என்று தொடங்கியதுதான், மூன்று வாரம் இழுத்துவிட்டது.

முதலில் வாங்கியது, எல்லோரும் வாங்கும் அந்த மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தும் வெறும் இரைச்சல்தான். காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த ரிசீவர் அலை இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும், டார்ச் விளக்கை அணைத்து அணைத்துச் சைகை காட்டுவது மாதிரி. இந்த டிரான்ஸ்மிட்டரோ அலையை நடுவில் நிறுத்துவதே இல்லை. நாதஸ்வரக்காரர் மூச்சை விடாமல் ஸ, ரி, ஸ, ரி என்று இரண்டே ஸ்வரங்களை மாற்றி மாற்றி ஊதினால் எப்படியோ அப்படி, இரண்டு பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களுக்கு இடையே தாவித் தாவிச் செய்தி அனுப்புகிறது. இதை எஃப்எஸ்கே என்பார்கள். ஊதல் கேட்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறவருக்கு, இதில் ஒரே ஒரு நீண்ட ஊதல்தான் தெரியும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி, டிவி பார்ப்பதற்கென்று வந்த ஆர்டிஎல்2832யு சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள். அதைக் கணினியில் செருகி 433.5-ஐச் சுற்றி வைத்தால், திரையில் அருவி மாதிரி இறங்கும் படத்தில் ஆறு நொடிக்கு ஒருமுறை 433.55 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கீற்று விழுகிறது. பெரிதாக்கினால் கீற்று இரண்டாகப் பிரிந்து தெரியும். அதைப் பார்த்த இரவு நான் மனைவியை எழுப்பிக் காட்டினேன். ஆர்டிஎல்433 என்ற இலவச மென்பொருளுக்கு இந்த மாடலின் மொழி ஏற்கெனவே தெரியும், டாங்கிளை வைத்து அதை ஓட்டினாலே ஆம்பியர் கணக்கு வந்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மின்சாரத்தை அளப்பதற்காக ஒரு கணினியை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, பிட் பிட்டாக நானே பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதற்குள் வந்துவிட்டது.

எனவே சிசி1101 சிப் உள்ள மாட்யூல் ஒன்று வாங்கினேன், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிப். இதற்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் அவ்வளவுதான். ஆன்டெனாவுக்கு 17.3 சென்டிமீட்டர் வயர் போதும், 433.55 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கு அது. எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும் என்று சிப்புக்குச் சொல்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாட்யூலில் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கிறது, சிப்புக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது அதுதான். 433.55-ஐ 26-ஆல் வகுத்து 65,536-ஆல் பெருக்கினால் 10,92,813 வருகிறது. அதை மூன்று பைட்டாக உடைத்தால் 16, 172, 205. இந்த மூன்று எண்களை மூன்று ரெஜிஸ்டர்களில் (சிப்புக்குள் இருக்கும் குட்டி நினைவு அறைகளில்) எழுதினால் சிப் சரியாக அங்கே போய் நிற்கிறது.

சரியாக என்றால், கிரிஸ்டல் சொன்னபடி இருந்தால். மலிவான மாட்யூல்களில் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது சர்வசாதாரணம், அது 433-இல் எட்டரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. டிரான்ஸ்மிட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விலகியிருக்கும். நான் முதலில் வடிகட்டியின் அகலத்தை, அதாவது சிப் எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையைக் கேட்கும் என்பதை, 58 கிலோஹெர்ட்ஸ் என்று இறுக்கமாக வைத்துவிட்டு, ஒன்றுமே வரவில்லை என்று இரண்டு இரவு உட்கார்ந்திருந்தேன். 203-க்குத் திறந்துவிட்டதும் வந்துவிட்டது. இதைச் செய்கிறவர்கள் முதலில் அகலமாகத் திறந்துவைத்துச் சிக்னலைப் பிடியுங்கள், பிறகு மெல்ல மெல்லக் குறுக்குங்கள்.

அடுத்தது துடிப்புகள். சிப் தன் ஒரு காலில், பிரித்தெடுத்த சிக்னலை அப்படியே மேலும் கீழுமாக வெளியே விடும்படி வைக்கலாம். நம் வேலை, ஒவ்வொரு மேட்டின் நீளத்தையும் மைக்ரோநொடியில் அளப்பது. முதலில் சுமார் 500 மைக்ரோநொடிக்கு ஒரு நீண்ட மேடு, அதுதான் ‘இதோ ஆரம்பிக்கிறேன்’ என்கிற அறிவிப்பு. அதன்பின் சுமார் 64 வந்தால் சுழி, 136 வந்தால் ஒன்று. நான் 100-இல் கோடு போட்டேன். இப்படி 64 பிட், அதாவது எட்டு பைட். மொத்தச் செய்தியும் பதின்மூன்று பதினான்கு மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது.

64-க்கும் 136-க்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறதே, இதில் என்ன தப்பு நடக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஈஎஸ்பி8266-இல் வைஃபையும் அதே மூளையில்தான் ஓடுகிறது. அது தன் வேலையைக் கவனிக்கப் போகும் சமயத்தில் நம் இன்டரப்ட் (துடிப்பு மாறியதும் மூளையைக் கூப்பிடும் அழைப்பு) கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாகிறது. நாற்பது மைக்ரோநொடி தாமதம் போதும், சுழி ஒன்றாகிவிடும். வைஃபையை அணைத்தால் கிட்டத்தட்ட எல்லாச் செய்தியும் சுத்தமாக வரும், போட்டால் மூன்றில் ஒன்று கெட்டுப்போகும். அதே குடும்பத்து ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறியதும்தான் இது தீர்ந்தது. அதில் ஆர்எம்டி என்று ஒரு பகுதி இருக்கிறது, ரிமோட் கன்ட்ரோல் சிக்னல்களை அனுப்பவும் வாங்கவும் வைத்தது. துடிப்புகளின் நீளத்தை அது தானே வன்பொருளில் அளந்து வரிசையாக அடுக்கி வைத்துவிடும், மூளை ஓய்ந்தபோது வந்து எடுத்துக்கொண்டால் போதும். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது.

இப்போது அந்த எட்டு பைட்டுகள். முதல் பைட் மாறுவதே இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண். நான்காவதில் பேட்டரி நிலை, எத்தனை நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது (6, 12, 18), ஜோடி சேர்க்கும் நிலையில் இருக்கிறதா ஆகியவை. கடைசி பைட் செக்சம், செய்தி வழியில் கெட்டுப்போகவில்லையா என்று சரிபார்க்கும் எண், முதல் ஏழையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் வரும் மீதி. நடுவில் இருக்கும் ஐந்து, ஆறு, ஏழுதான் உயிர்.

இவற்றைப் புரிந்துகொள்ள நான் கெட்டிலைப் பயன்படுத்தினேன். இரவு பத்தரை மணி, எல்லோரும் தூங்கிவிட்டார்கள், வீடு அமைதி. திரையில் வந்துகொண்டிருந்தது 115, 51, 0. கெட்டிலைப் போட்டேன். அடுத்த செய்தி 107, 51, 4. முதல் எண் குறைந்திருக்கிறது, இரண்டாவது அப்படியே நிற்கிறது, ஆனால் கரண்டு ஏறியிருக்கிறது. மூன்றாவது எண் 0-லிருந்து 4-க்குத் தாவியிருக்கிறது. அது அடுக்கு, இரண்டை எத்தனை முறை பெருக்க வேண்டும் என்கிற எண்! முதலிரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி (115-ஐ 256-ஆல் பெருக்கி 51-ஐக் கூட்டினால் 29,491) 32,768-ஆல் வகுத்தால் 0.9. அடுக்கு சுழி என்பதால் அப்படியே 0.9 ஆம்பியர். கெட்டில் போட்டபின் 27,443-ஐ அதேபோல் வகுத்து, இரண்டை நான்கு முறை பெருக்கிய 16-ஆல் பெருக்கினால் 13.4 ஆம்பியர். வித்தியாசம் 12.5. எங்கள் வீட்டில் 240 வோல்ட் வருகிறது, பெருக்கினால் 3000 வாட். கெட்டிலைக் கவிழ்த்து அடியில் பார்த்தேன், 2500–3000 வாட் என்று அச்சடித்திருக்கிறது. எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்து சுவர் தாண்டி வந்த மூன்று எண்களும், கையில் இருக்கும் பாத்திரத்தின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன. (கரண்டு மிகக் குறைந்தால் அடுக்கு 255 என்று வரும், அதை -1 என்று படிக்க வேண்டும். நிரலில் அந்த ஏழாவது பைட்டைக் குறியுள்ள எண்ணாக வைக்க மறக்காதீர்கள்.)

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயம். கோயம்புத்தூரில் வாங்கிய டேபிள்டாப் கிரைண்டரைப் பெட்டிக்குள் துணி சுற்றி எடுத்து வந்திருந்தார். சனிக்கிழமை காலை மாவரைக்கப் போட்டதும் நான் போனில் காட்டினேன், ஒரு ஆம்பியர் ஏறியிருக்கிறது, 240 வாட். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரைண்டரின் பக்கவாட்டைப் படித்தார். “ஏம்ப்பா, இதுல 150 வாட்டுன்னுதானே போட்டிருக்கு? உன் மெஷின் கூடச் சொல்லுதே, கரண்டு பில்லும் கூட வருமா?” கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். நான் அதுவரை அதை யோசிக்கவில்லை.

கிளாம்புக்குக் கரண்டு மட்டும்தான் தெரியும். வோல்டேஜை அது தொடுவதே இல்லை, வயரைச் சுற்றி வெளியே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 240 என்பது நாம் வைத்துக்கொண்ட எண். (பிரிட்டனில் இது சட்டப்படி 230 வோல்ட், 216.2-லிருந்து 253 வரை இருக்கலாம்.) அதைவிட முக்கியம், கிரைண்டர் மாதிரி மோட்டார்களில் கரண்டும் வோல்டேஜும் சேர்ந்து அடி எடுத்து வைப்பதில்லை, கரண்டு கொஞ்சம் பின்தங்கி வரும். அப்போது இரண்டையும் வெறுமனே பெருக்கினால் உண்மையாகச் செலவாகும் வாட்டைவிட அதிகமாக வரும். இந்தப் பின்தங்கலின் அளவுதான் பவர் ஃபேக்டர், எங்கள் கிரைண்டருக்கு அது 0.6-ஐ ஒட்டி இருக்கிறது. வீட்டு மீட்டர் உண்மையான வாட்டைத்தான் எண்ணுகிறது, பில் அதன்படிதான். அம்மாவிடம் “பில்லு 150-க்குத்தாம்மா வரும்” என்றதும் நிம்மதியாக உளுந்தைப் போட்டார். கெட்டில், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் மாதிரிச் சூடாக்கும் சாமான்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அங்கே பெருக்கல் சரியாகவே வரும். அதனால் என் வரைபடத்தில் இப்போது வாட் என்று போடுவதில்லை, ஆம்பியர் என்றே போட்டிருக்கிறேன். அளந்தது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் வாரமே, என் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண் இல்லாத செய்திகளும் வரத் தொடங்கின. செக்சம் சரி, மாடலும் அதே. நடுச்சுவர் ஒன்றாக இருக்கும் பக்கத்து வீட்டிலிருந்து. இந்த டிரான்ஸ்மிட்டரில் பூட்டு (செய்தியை ரகசியமாக்கும் என்கிரிப்ஷன்) எதுவும் கிடையாது, எண்கள் திறந்த காற்றில் வருகின்றன. ஐரோப்பாவில் தண்ணீர், வெப்ப மீட்டர்கள் 868 மெகாஹெர்ட்ஸில் பேசும் வயர்லெஸ் எம்-பஸ்ஸில் 128 பிட் ஏஇஎஸ் பூட்டு போட முடியும். இங்கே புதிதாக மாட்டும் ஸ்மார்ட் மீட்டர்களும் தங்கள் டிஸ்ப்ளேயோடு பூட்டிய ஜிக்பீ என்ற வயர்லெஸ் சிக்னலில்தான் பேசுகின்றன. இந்தப் பழைய கருவிகளில் அது இல்லை. ஒரு வீட்டின் ஆம்பியரை இரண்டு நாள் பார்த்தால் அந்த வீட்டார் எத்தனை மணிக்கு எழுந்து டீ போடுகிறார்கள், எப்போது ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரியவேண்டிய விஷயமே இல்லை. நிரலில் அடையாள எண்ணைப் பார்க்கும் வரியை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய், என்னுடையது இல்லையென்றால் அங்கேயே கீழே போடும்படி செய்தேன். நீங்கள் செய்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

அதோடு விட மனசு வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். எண்பதை நெருங்குகிறார், தனியாக இருக்கிறார். மடிக்கணினியில் என் வீட்டு வரைபடத்தைக் காட்டி, உங்கள் வீட்டுக்கும் இப்படி யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தனக்குப் போன வருஷமே ஸ்மார்ட் மீட்டர் மாட்டிவிட்டார்கள் என்றும், பழையது மகன் வைத்துவிட்டுப் போனது, கழற்றத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவர் முன்னாலேயே பேட்டரிகளை எடுத்து, கிளாம்பைக் கழற்றிக் கொடுத்தேன். நீயே வைத்துக்கொள் என்று டிஸ்ப்ளேயையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் அடுத்த மாதம் வருகிறார், ஃபியூஸ் பெட்டிக்குள் குக்கர் (இங்கே மின் அடுப்பை அப்படித்தான் சொல்வார்கள்) லைனை மட்டும் தனியாகக் கவ்வ அந்த இரண்டாவது கிளாம்பை வைத்திருக்கிறேன்.