21,000 மணி நேரம் ஓடிய டிஸ்க்கைப் புதுசு என்று கொடுத்தார்கள்

டெஸ்க்டாப்பில் கூடுதலாக இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டும் வேலை ஒருவழியாக முடிந்தது. மாட்டுவதில் ஒன்றுமே இல்லை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டிஸ்க்கைத் தட்டில் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று சொருகினால் ஆயிற்று. அலைய வைத்தது மற்றதெல்லாம்தான். அதிலும் கடையில் என்னிடம் விற்ற டிஸ்க் விஷயத்தில் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். மூன்று கேமராவில் 4கே எடுத்தால் ஒரே கல்யாணம் 500 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். வீடியோ வீட்டுக்காரர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு ஃபைலையும் அழிக்க முடியாது. பழைய 2 டிபி டிஸ்க் நிரம்பிவிட்டதால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினேன். இரண்டுமே சீல் வைத்த வெள்ளி நிறக் கவரில் இருந்தன. பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வீட்டில் மாட்டியதும், ஒரு ஃபைல்கூட ஏற்றாமல், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்தான், டிஸ்க் வாங்கும் எல்லோரும் வைத்திருக்க வேண்டியது. ஒரு டிஸ்க்கில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’, அதாவது ஓடிய மொத்த மணி நேரம், பூஜ்யம். இன்னொன்றில் 21,000-க்கு மேல்! எத்தனை தடவை ஆன் செய்தார்கள் என்று சொல்லும் ‘பவர் ஆன் கவுன்ட்’ பார்த்தால் அறுபது சொச்சம்தான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் இரவு பகலாக அணைக்காமல் ஓடிய டிஸ்க் இது. சிசிடிவி டிவிஆரிலோ சர்வரிலோ இருந்து கழற்றியதாகத்தான் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த டிஸ்க், தனி வாடிக்கையாளருக்கு நேரடி வாரண்டி கிடையாது என்று வந்தது.

ஸ்க்ரீன்ஷாட்டோடு கடைக்குப் போனேன். “அது டெஸ்டிங்ல ஓடினது சார்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். “ரெண்டரை வருஷமா டெஸ்ட் பண்ணீங்க?” என்று கேட்டேன். “சாஃப்ட்வேர் தப்பா காட்டும், நீங்க ஃபார்மட் பண்ணிப் பாருங்க” என்றார். ஃபார்மட் செய்தால் அந்தக் கணக்கு மாறாது. அது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும் ‘ஸ்மார்ட்’ (S.M.A.R.T.) தகவல். அதைச் சொன்னதும் முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று பேச்சு மாறியது. என்னைக் காப்பாற்றியது பில்தான். வாங்கும்போதே இரண்டு சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்கியிருந்தேன், கவர் பிரிப்பதையும் மொபைலில் வீடியோ எடுத்திருந்தேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அங்கேயே நின்று போன் போடப்போகிறேன் என்றதும் முதலாளி எங்கிருந்தோ வந்துவிட்டார். வேறு டிஸ்க் கொடுத்தார்கள். இந்த முறை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே மாட்டச் சொல்லி, மணிக்கணக்கைப் பார்த்து, வாரண்டியையும் தளத்தில் சரிபார்த்த பிறகே அங்கிருந்து நகர்ந்தேன்.

பூஜ்யம் காட்டினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தக் கணக்கை அழித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தியானது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் சர்வர் டிஸ்க்குகளின் கணக்கை யாரோ பூஜ்யமாக்கிப் புதுசு என்று சந்தையில் விட்டிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளில் ‘ஃபார்ம்’ என்று இன்னொரு பதிவும் இருப்பதால் குட்டு வெளிப்பட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் அதை நாமே பார்க்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு முன்னாலேயே இன்னொரு தலைவலி. முதலில் மாட்டியபோது இரண்டில் ஒரு டிஸ்க் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) வரவில்லை. பக்கத்துத் தெரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். கேபிளை ஆட்டிப் பார்த்துவிட்டு, “போர்டுல போர்ட் போயிடுச்சு, போர்டு மாத்திடலாம்” என்றார். மனம் ஒப்பவில்லை. அவரை அனுப்பிவிட்டு மதர்போர்டின் மேனுவலை இறக்கிப் படித்தேன். மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால், ஹார்ட் டிஸ்க் கேபிள் சொருகும் சாட்டா போர்ட்களில் ஐந்தாவதும் ஆறாவதும் வேலை செய்யாது என்று அடிக்குறிப்பாக இருந்தது. என் எஸ்எஸ்டி அந்த வகைதான், கேபிள் இருந்ததும் ஐந்தில்தான். மூன்றுக்கு மாற்றினேன், உடனே வந்துவிட்டது. பல ஆயிரம் ரூபாய் செலவை ஒரு வரி தடுத்தது! மதர்போர்டுக்கு மதர்போர்டு இந்தப் பங்கீடு மாறும். ஆகவே, கேபினட்டைத் திறப்பதற்கு முன்பே உங்கள் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

பவர் கேபிள் விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் டிஸ்க்கே எரிந்துபோகும். என்னுடையது கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). சாட்டா பவர் கேபிள் இன்னொன்று வேண்டும் என்று கடையில் கேட்டபோது, வேறு பிராண்ட் கேபிளை எடுத்து நீட்டி, “எல்லாம் ஒண்ணுதான் சார், கரெக்டா உக்காரும்” என்றார்கள். உட்காரும்தான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது பிராண்டுக்குப் பிராண்ட் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் சர்க்யூட் அந்த நொடியே போய்விடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். எஸ்எம்பிஎஸ் வாங்கிய அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தது, அதற்குள் பிரிக்காத ஒரிஜினல் கேபிள் பத்திரமாக இருந்தது. அந்தப் பெட்டியை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய், டிஸ்க்கைப் பிரிக்கும் முறையில் பழைய எம்பிஆர் வேண்டாம், புதிய ஜிபிடி என்று தேர்ந்தெடுத்தேன். எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் எடுக்காது. 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 3.63 டிபி என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1,024-ஆலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம். குவிக் ஃபார்மட்டோடு விடாமல் இரவெல்லாம் ஃபுல் ஃபார்மட் ஓடவிட்டேன். அதன் பிறகு ஸ்மார்ட்டில் ‘ரீஅலோகேட்டட்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), ‘பெண்டிங்’ (சந்தேகத்துக்குரிய பகுதிகள்) இரண்டும் பூஜ்யம் என்று பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. ஃபைல் ஏற்ற ஆரம்பித்த பின் ‘சிஆர்சி எரர்’ (டேட்டா போகும் வழியில் வரும் பிழை) மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டேட்டா கேபிளில்தான் கோளாறு, அதை மாற்றிப் பாருங்கள்.

இப்போது ஃபைல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒரு டிஸ்க்கில் வேலை, இன்னொன்றில் அதன் நகல். ஆனாலும் இரண்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் ஓடுகின்றன, அது கெட்டால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகலாம். அதனால் டெலிவரி ஆகாத கல்யாணங்களுக்கு மட்டும் மூன்றாவது நகல் ஒன்றை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு அண்ணன் வீட்டில் கொடுத்து வைக்கப்போகிறேன்.