மூன்றாவது கிண்ணத்தில் பிடிபட்ட நீலக் கோடு

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து புதுச்சேரி வட்டாரத்தில் பீங்கான் பட்டறைகள் பல உருவாகியிருக்கின்றன. அவற்றில் சிறிய பட்டறை ஒன்றுக்கு ஞாயிறுதோறும் சென்று வருகிறேன். வனைவது என் வேலையன்று. ஏறத்தாழ 1,000 டிகிரியில் ஒருமுறை சுட்டெடுத்த கிண்ணங்களில் வண்ணம் தீட்ட மட்டுமே கற்றுக்கொள்கிறேன்.

முதல் கிண்ணத்தில் பென்சிலால் கொடி வரைந்து, அதன்மேல் மெதுவாகத் தூரிகையை ஓட்டினேன். ஒருமுறை மட்டும் சுட்ட மண் சாக்குக்கட்டியைப் போன்றது. தூரிகை தொட்டவுடனேயே ஈரத்தை உறிஞ்சிவிடும். கை தயங்கிய இடமெல்லாம் திட்டானது, ஈரம் தீர்ந்த இடத்தில் கோடு அறுந்தது. பென்சில் தடம் சூளையில் எரிந்து மறைந்துவிட்டது, திட்டுகள் மறையவில்லை.

இரண்டாவது கிண்ணத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத் தீட்டியதால் கோடுகள் சற்று இளகி ஓடின. ஆனால் வண்ணத்தின்மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் அடிவிளிம்பில் வழிந்ததைத் துடைக்க மறந்தேன். 1,200 டிகிரிக்கு மேல் அது கண்ணாடியாக உருகி, கிண்ணத்தைச் சூளைத் தட்டோடு ஒட்ட வைத்துவிட்டது. பெயர்த்தபோது அடிப்பகுதி சில்லுச் சில்லாக உடைந்தது. அன்று மிகவும் வருந்தினேன்.

மூன்றாவது கிண்ணத்திற்குக் கோபால்ட் ஆக்சைடை எடுத்துக்கொண்டேன். அது கறுப்புப் பொடி. கரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம் வேண்டும். தண்ணீரில் கலந்தால் கரிக்குழம்பு போலவே இருக்கும். நீலம் சூளையில்தான் பிறக்கும். கிளேஸில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே அடர்நீலம் தரும் வீரியம் அதற்கு உண்டு. ஆகவே கண்ணை நம்பாமல், எத்தனை சொட்டுத் தண்ணீர் விட்டோம் என்ற கணக்கையே நம்பித் தீட்ட வேண்டும்.

இம்முறை பென்சிலைத் தொடவில்லை. கிண்ணத்தைச் சுழல்பலகையின் நடுவில் வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, நீள்மயிர்த் தூரிகையை நிறைய நனைத்து விளிம்பருகே அசையாமல் பிடித்தபடி, இடக்கையால் பலகையை ஒரே சீராகச் சுழற்றினேன். கறுங்கோடு வளைந்து வந்து, தொடங்கிய இடத்திலேயே தன்னோடு சேர்ந்துகொண்டது. சிக்குக் கோலத்தில் இழை முற்றுப்பெறும்போது நெஞ்சில் எழும் நிறைவை அப்போது உணர்ந்தேன். உடனே இன்னொரு கோடு போட்டேன், பிறகு இன்னொன்று.

மறுவாரம், ஆறிய சூளையைத் திறந்தபோது மூன்று கோடுகளும் நீலமாக இருந்தன. தூரிகை எழுந்த இடத்தில் மட்டும் நீலம் சற்றுக் கறுத்து நின்றது. அதில்தான் இப்போது காலைக் காப்பி குடிக்கிறேன். அடுத்து ஒரு தட்டுக்குத் தண்ணீர்க் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறேன்.