சிகேஏ, இரண்டாம் முறை: அந்த எண் யாருடையது?

நேற்று இரவு சிகேஏ முடிவு மின்னஞ்சலில் வந்தது. குபர்நெட்டிஸ் (பல கணினிகளில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) நிர்வாகிகளுக்கான சான்றிதழ் தேர்வு அது. 81. தேர்ச்சிக்கு 66 போதும். ஐந்து வாரத்துக்கு முன் 59 வாங்கிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கட்டணத்தோடு இன்னொரு வாய்ப்பும் சேர்ந்தே வருவதால்தான் மறுபடி உட்கார முடிந்தது.

கேள்விகளைச் சொல்லக் கூடாது, ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என்னைத் தேற்றியது அதுதான்.

முதல் முறைக்கு அப்புறம், பயிற்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய மடிக்கணினிகளையும் உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு ஏற்றினேன். ஏற்றும்போது வெளி ரெப்போக்களை (மென்பொருள் இறக்கும் இடங்களை) அது அணைத்துவிடும். டாக்கர் ரெப்போவைத் திரும்பத் திறந்து, கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியைப் புதுப்பித்தபோது, கான்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்டது. படிக்காமல் 'ஒய்' அழுத்தினேன். ஒர்க்கர் (வேலைகளை ஓட்டும் மடிக்கணினி) 'நாட் ரெடி' ஆனது. ஒவ்வொரு கணினியிலும் ஓடும் குபர்நெட்டிஸ் முகவரான கியூப்லெட்டின் லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப: 'அன்நோன் சர்வீஸ் ரன்டைம்.வி1.ரன்டைம்சர்வீஸ்'.

வி1 என்று கண்ணில் பட்டதும் வெர்ஷன் சிக்கல் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆவணத்திலிருந்து ரெப்போ வரியை எடுத்து ஒட்டி, கியூப்லெட்டை மறுபடி நிறுவினேன். குபர்நெட்டிஸில் ஒவ்வொரு மைனர் வெர்ஷனுக்கும் (1.30, 1.31 போல) தனி ரெப்போ. நான் ஒட்டியது புதியதற்கானது. கியூப்லெட், கிளஸ்டரின் மையமான ஏபிஐ சர்வரைவிட மூன்று மைனர் வரை பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கவே கூடாது. இல்லாத வெர்ஷன் சிக்கலை நானே உண்டாக்கியிருந்தேன்.

இரவு ஒரு மணிக்கு, கன்டெய்னர்டியின் கான்ஃபிக் கோப்பான கான்ஃபிக்.டோமலைத் திறந்தேன். 'டிஸேபிள்ட் பிளகின்ஸ்' (அணைத்து வைத்தவை) வரியில் 'சிஆர்ஐ' என்று இருந்தது. கியூப்லெட் கன்டெய்னர்டியோடு பேசும் வழியே அதுதான். டாக்கர் தரும் கன்டெய்னர்டி அப்படித்தான் வரும். அந்த ஒரு சொல்லை நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் அந்தப் பிழை போய்விட்டது. இதே பிழை, கன்டெய்னர்டி 1.6-க்கும் பழையதாக இருந்தாலும் வரும். அதனால் பிழை வரியை மட்டும் நம்பாதீர்கள், வெர்ஷனையும் பாருங்கள்.

முதல் முறை என் நேரத்தைத் தின்றதும் இதே அவசரம்தான். ஓர் எண்ணைப் பார்த்ததும் கையை வைத்துவிடுவேன். கிளஸ்டரின் கணினிகளைப் பட்டியலிடும் 'கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்' கட்டளை காட்டும் வெர்ஷன் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கியூப்லெட்டின் எண், ஏபிஐ சர்வருடையது அல்ல. கிளஸ்டரை நிறுவி மேம்படுத்தும் கியூப்எடிஎம் கருவியின் 'அப்கிரேட் அப்ளை' வெற்றி என்று சொன்ன பிறகும் அங்கே பழைய எண்தான் நிற்கும். தோற்றுவிட்டது என்று நினைத்து வீட்டில் மூன்று முறை திரும்ப ஓட்டியிருக்கிறேன். கியூப்லெட்டை ஏற்றி ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்த எண் மாறாது.

இரண்டாம் முறை நான் செய்தவை:

- எதைத் தொடுவதற்கு முன்னும் நான்கு எண்களை எடுத்தேன்: கியூப்எடிஎம், கியூப்லெட், ஏபிஐ சர்வர், கன்டெய்னர்டி. பேனா, தாள் வைத்துக்கொள்ள முடியாது, திரையில் உள்ள நோட்பேடில் எழுதினேன்.
- 'கெட் நோட்ஸ்' உடன் 'ஓ வைட்'. ஓஎஸ், கர்னல், ரன்டைம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்.
- மைனர் வெர்ஷனைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒவ்வொரு படியாகத்தான்.
- ஹோல்டை (மென்பொருள் தானாக ஏறாமல் தடுக்கும் பூட்டை) எடுத்தால் வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். டெமன் ரீலோடையும் (சர்வீஸ் கோப்புகளை மறுபடி படிக்க வைப்பதையும்) விடாதீர்கள்.

வேகமாகத் தட்டச்சு செய்யப் பழகு என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை. பதற்றக்காரர்களுக்கு என் யோசனை: ஒவ்வொரு கேள்வியிலும் முதல் ஒரு நிமிடம் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த நிமிடங்கள் போனாலும் எனக்குக் கடைசியில் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் அதே மடிக்கணினிகளை 24.04-க்கு ஏற்றுகிறேன். கான்ஃபிக்.டோமலுக்கு இப்போதே நகல் எடுத்து வைத்துவிட்டேன்.